சீனியர் இல்லாத கல்லூரியில் நாங்கள் ஒரு செட் ஆனது

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்து வைத்தார்கள். விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், ராமநாதபுரம், கிருஷ்ணகிரி. எல்லாம் சேர்த்து 1,450 எம்பிபிஎஸ் இடங்கள். அவற்றில் ஒரு கல்லூரியின் முதல் பேட்ச் நாங்கள். அடுத்த மாதமே வகுப்பு தொடங்கிவிட்டது. கட்டடத்தில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை, எங்களுக்கு மேலே ஒரு பேட்ச்கூட இல்லை. இப்போது இறுதியாண்டில் இருக்கிறேன். புதுக் கல்லூரியில், அல்லது புதிதாகத் தொடங்கிய ஒரு படிப்பில் சேரப்போகிற தம்பி தங்கைகள் நிறையப் பேர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: அங்கே போய்த் தனியாகிவிடுவோமா அக்கா? அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சீனியர் இல்லை என்றால் ராகிங் இல்லை, நிம்மதிதானே என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் பழைய கல்லூரியில் சேர்கிறவர்களுக்கு அவர்கள் அறியாமலே ஒரு சொத்து கைக்கு வந்துவிடுகிறது. அனாடமி படிக்க வைத்திருக்கும் மனித எலும்புகளின் தொகுப்பு, அதாவது போன் செட், சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறும். எந்தப் பாடத்துக்கு எந்தப் புத்தகம், எதைக் கடைசி வாரத்தில் புரட்டினால் போதும், வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் எலும்பைக் கையில் கொடுத்துவிட்டு எங்கிருந்து கேட்கத் தொடங்குவார்கள், ரெக்கார்டு நோட்டு எந்தக் கடையில் கிடைக்கும், மெஸ் சாப்பாடு இறங்காத நாளில் எங்கே போகலாம், இதெல்லாம் ஒரு அக்காவோ அண்ணனோ சொல்லித்தான் தெரியும். சென்னை மருத்துவக் கல்லூரி 1835இல் தொடங்கியது. அங்கே போகிற பிள்ளைக்குப் பின்னால் அத்தனை வருடத்து மனிதர்கள் நிற்கிறார்கள். நாங்கள் எல்லாவற்றையும் எங்களுக்குள்ளேயே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அந்த 'எங்களுக்குள்ளே' என்பதும் முதலில் கிடையாது. 150 பேர் ஒரே ஹாலில் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். அதில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டில் வந்தவர்கள். ராஜஸ்தான், கேரளா, உத்தரப் பிரதேசம் என்று பல ஊர். மீதிப் பேரில் சிலர் நாமக்கல், சென்னை கோச்சிங் சென்டர்களில் ஒன்றாகப் படித்து ஏற்கெனவே பழகியவர்கள். இரண்டு மூன்று முறை நீட் எழுதி வந்த வயதில் மூத்தவர்கள் சிலர். அப்புறம் என்னைப் போல 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வந்தவர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காக 2020இல் கொண்டு வந்த ஒதுக்கீடு அது. நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் பரிந்துரைத்தது, அரசு 7.5 என்று முடிவு செய்தது. எங்களில் பெரும்பாலானவர்கள் தமிழ் மீடியம்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2021இல் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை. அந்த வருடம் பள்ளி முடித்து நேராக வந்தவர்கள் கிட்டத்தட்ட இரண்டு வருடம் வகுப்பறையில் ஒழுங்காக உட்காராதவர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் 'நீ எந்த ஊர்' என்று கேட்பதற்கே எங்களுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. முதலாண்டும் வழக்கத்தைவிடச் சுருங்கிவிட்டது. ஆக, பழகுவதற்கு நேரமில்லை, பழகச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

இரண்டாவது வாரத்துக்குள் வகுப்பு தானாகப் பிரிந்துகொண்டது. கோச்சிங் சென்டர் கூட்டம் ஒரு பக்கம், ஹிந்தி பேசுகிறவர்கள் கடைசி வரிசையில், ஒரே மாவட்டத்துக்காரர்கள் ஒரு பெஞ்சு, வீட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற டே ஸ்காலர்கள் கதவுக்குப் பக்கத்தில். யாருக்கும் யார் மேலும் கோபமில்லை. தெரிந்த முகத்துக்குப் பக்கத்தில் உட்கார்வது சுலபம், அதனால் அப்படி அமைந்துவிட்டது. தொடக்கத்தில் நடக்கிற அறிமுக வகுப்பான ஃபவுண்டேஷன் கோர்ஸில் விளையாட்டெல்லாம் வைத்தார்கள், கை கோர்த்து வட்டமாக நின்றோம், பெயரோடு ஒரு பூ பெயர் சொன்னோம். மதியம் சாப்பிடப் போகும்போது அதே பழைய கூட்டமாகத்தான் போனோம்.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்ச்சுரல்ஸ், ஸ்போர்ட்ஸ் டே, ஃப்ரெஷர்ஸ் டே இதெல்லாம் வேண்டும், நானும் ஆடியிருக்கிறேன். ஆனால் ஏற்கெனவே சேர்ந்தவர்களைத்தான் அவை இன்னும் சேர்த்து வைக்கும். மேடையேறத் தயங்குகிற, டீ-ஷர்ட்டுக்குப் பணம் கொடுக்க யோசிக்கிற, ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பிள்ளையை உள்ளே கொண்டுவர அவற்றால் முடியாது. ஒரு தொழில்படிப்பில் மாணவர்களை உண்மையில் பிரித்து வைப்பது பயம். எனக்குத் தெரியவில்லை என்பது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்கிற பயம். மருத்துவத்தில் அது இன்னும் அதிகம், ஏனென்றால் உள்ளே வந்த எல்லோரும் அவரவர் பள்ளியில் முதல் ரேங்க். 'தெரியலை' என்று சொல்லிப் பழக்கமே இல்லாத 150 பேர். அதைச் சொல்வது சாதாரணம் ஆகிற இடத்தில்தான் நட்பு வருகிறது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அது தானாக நடக்காது, அதற்கு ஏற்பாடு வேண்டும்.

எங்களுக்கு அது உடலை அறுத்துப் பார்த்துப் படிக்கிற டிசெக்ஷன் டேபிளில் தொடங்கியது. உடற்கூறியலான அனாடமியில் ரோல் நம்பர்படி டேபிள் பிரிப்பார்கள். ரோல் நம்பர் ஆங்கில அகர வரிசை, அதனால் கோச்சிங் சென்டர், மாவட்டம், மொழி எல்லாம் கலைந்து யாரோ யாரோடோ நிற்க வேண்டியதாயிற்று. உடலைக் கெடாமல் வைக்கிற ஃபார்மலின் நெடியில் கண் எரிந்துகொண்டிருக்க, தன் உடலைத் தானமாகக் கொடுத்த ஒரு மனிதரைச் சுற்றி நின்று, ஒருவர் கத்தி பிடிக்க, ஒருவர் புத்தகம் பார்த்து வாசிக்க, மற்றவர்கள் தேட, அந்த நரம்பு எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. கோச்சிங்கில் முதல் மார்க் வாங்கியவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியாமல் இருந்த இடம் அது ஒன்றுதான்.

எங்கள் டேபிளில் இருந்த ஒரு தோழி, தர்மபுரிப் பக்கம், ஒரு யோசனை சொன்னாள். வகுப்பு முடிந்து சாயந்திரம் அரை மணி நேரம் உட்காரலாம், ஆளுக்கு ஒரு சீட்டில் அன்றைக்குப் புரியாத ஒன்றை எழுதிப் போடணும், பெயர் எழுத வேண்டாம், ஆனால் 'எனக்கு டவுட் இல்லை' என்று யாரும் தப்பிக்கக் கூடாது. அதுதான் விதி. சீட்டை ஒவ்வொன்றாகப் பிரித்து, தெரிந்தவர் சொல்ல வேண்டும், யாருக்கும் தெரியாவிட்டால் மறுநாள் டியூட்டரிடம் டேபிள் சார்பாகக் கேட்க வேண்டும். அந்தக் கட்டாயம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. 'யாருக்காவது சந்தேகம் இருக்கா' என்று கேட்டால் கை தூக்குகிறவர் ஒருவர், மற்ற எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். எல்லோரும் எழுத வேண்டும் என்றால் யாரையும் யாரும் பார்க்க வேண்டியதில்லை. முதல் வாரம் பெரிய பெரிய கேள்வியாக எழுதினார்கள், தெரியாததைக்கூட கௌரவமாகத் தெரியாமல் இருக்க வேண்டுமல்லவா. இரண்டு மூன்று வாரத்தில் 'மீடியல், லேட்டரல் இன்னும் குழப்பமா இருக்கு' என்று ஒரு சீட்டு வந்தது. உடலின் நடுப்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்பதைச் சொல்கிற அடிப்படை வார்த்தைகள் அவை. அதை யார் எழுதினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் அதைப் படித்தவுடன் டேபிளில் பாதிப் பேர் மூச்சு விட்டது தெரிந்தது.

ஒன்றைத் தமிழில் விளக்கிவிட்டு அதையே ஆங்கிலத்தில் சொல்வது என்பது அடுத்து வந்தது. தமிழ் மீடியத்தில் படித்த எங்களுக்கு விஷயம் புரிவதில் பிரச்சினையே இல்லை. வைவாவில் எதிரே ஒருவர் உட்கார்ந்து 'சொல்லும்மா' என்றவுடன் வாக்கியம் அமையாது. மனதுக்குள் எல்லாம் இருக்கும், வாய்க்கு வராது. இதற்கு ஆங்கில வகுப்பு வைத்துப் பயனில்லை. ஒரே பதிலைப் பத்து முறை சத்தமாகச் சொல்ல ஓர் இடம் வேண்டும், தப்பாகச் சொன்னால் சிரிக்காத நான்கு பேர் வேண்டும். மாதிரி வைவா நடத்தும்போது நாங்கள் வைத்த ஒழுங்கு: ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்கள் கேள்வி கேட்கிற பக்கம் உட்கார வேண்டும், பதில் முடியும் வரை இடையில் திருத்தக் கூடாது. முடிந்த பிறகு மூன்று விஷயம் மட்டும் சொல்லலாம், அதில் ஒன்று நன்றாக இருந்ததாக இருக்க வேண்டும்.

இப்படியே போயிருந்தால் ஒரு பக்கம் கொடுக்கிறவர்கள், ஒரு பக்கம் வாங்குகிறவர்கள் என்று நிரந்தரமாகியிருக்கும். அப்படியான நட்பு நீடிக்காது, வாங்குகிற பக்கம் ஒரு நாள் ஒதுங்கிவிடும். இரண்டாம் ஆண்டில் வார்டு போஸ்டிங் தொடங்கியதும் கணக்கு தலைகீழானது. அகில இந்திய ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, நோயாளிகளுக்குத் தமிழ் தவிர வேறு தெரியாது. புத்தகத்தில் எல்லா அறிகுறியும் அழகாக வரிசையாக இருக்கும். இங்கே ஒரு பெரியவர் வந்து 'நெஞ்சு கரிக்குதுப்பா' என்பார், பக்கத்துக் கட்டிலில் 'கைகால் மதமதன்னு இருக்கு கண்ணு' என்பார்கள், இன்னொரு அம்மா 'தலை கிறுகிறுன்னு வருது, ஒரே படபடப்பு' என்பார். கரிப்பது நெஞ்சு எரிச்சலா, வலியா? சாப்பிட்ட பிறகா, மாடி ஏறினாலா? கைக்கும் தோளுக்கும் பரவுகிறதா, வியர்க்கிறதா? இத்தனையையும் அவர் பேச்சிலேயே கேட்டு வாங்க வேண்டும். சென்னையில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கே கிராமத்துப் பேச்சு சில இடத்தில் பிடிபடவில்லை. எங்களுக்கு அது வீட்டுப் பேச்சு.

அதனால் சாயந்திர அரை மணி நேரத்தை மாற்றி அமைத்தோம். அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் நோயாளியாக உட்கார வேண்டும், அவரவர் மாவட்டப் பேச்சில், எங்கள் பாட்டி எப்படிச் சொல்வாரோ அப்படி, நேராகப் பதில் சொல்லாமல் மருமகள் கதை, மாட்டுக் கதை எல்லாம் சேர்த்து. வடக்கிலிருந்து வந்தவர்கள் கேஸ் எடுக்க வேண்டும், அதாவது நோயாளியிடம் விவரம் கேட்டு எழுத வேண்டும். முடிந்ததும் இடம் மாறி, அதே கேஸை நாங்கள் ஆங்கிலத்தில் பிரசென்ட் பண்ண வேண்டும், பெயர், வயது, தொழில், என்ன தொந்தரவு, எத்தனை நாளாக என்று முறைப்படி. அவர்கள் திருத்துவார்கள். எங்கள் டேபிளில் இருந்த ராஜஸ்தான் பையன் இன்றைக்கு வெளிநோயாளிகள் வருகிற ஓபியில் 'பாட்டி, எத்தன நாளா இருக்கு? ராத்திரி தூக்கம் வருதா?' என்று கேட்டால் பாட்டிகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். நான் பொது மருத்துவ கேஸ் ஒன்றைத் தடுமாறாமல் சொல்லி முடித்த அன்று முதலில் கை தட்டியதும் அவன்தான். இரண்டு பேருக்கும் மற்றவர் தேவை. புதுக் கல்லூரியில் ஏதாவது தொடங்க நினைக்கிறவர்கள் இதை மட்டும் கவனியுங்கள்: உதவித் திட்டம் என்று பெயர் வைத்துப் பின்தங்கியவர்களைக் கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள், வந்தாலும் தலை குனிந்து வருவார்கள். எல்லோரிடமும் கொடுக்க ஒன்று இருக்கிற மாதிரி வேலையைப் பிரியுங்கள்.

எங்கே, எத்தனை மணிக்கு உட்கார்கிறோம் என்பது சின்ன விஷயம் போலத் தெரியும், அதில்தான் பாதிப் பேர் வெளியே போய்விடுவார்கள். பையன்கள் ஹாஸ்டலில் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் படிப்பு சூடு பிடிக்கும். நோட்ஸ், பழைய கேள்விகள், எந்த சார் என்ன கேட்டார் என்கிற செய்தி எல்லாம் அந்த நேரத்தில் அந்த அறைகளில்தான் புழங்கும். பெண்கள் ஹாஸ்டல் கேட் அதற்கு வெகு முன்பே மூடிவிடும். டே ஸ்காலர் அப்போது வீட்டில் இருப்பார். யாரும் வேண்டுமென்று ஒதுக்குவதில்லை, ஆனாலும் ஒதுக்கப்பட்டுவிடுகிறார்கள். ஆகவே நாங்கள் பிடிவாதமாக ஒன்று வைத்துக்கொண்டோம்: சேர்ந்து படிப்பது எதுவானாலும் கல்லூரிக் கட்டடத்திலேயே, வகுப்பு முடிந்த உடனே, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடிகிற மாதிரி. லைப்ரரி வராண்டா எங்களுக்கு வசதிப்பட்டது. ஹாஸ்டலில் தனியாகப் படிப்பதை யாரும் தடுக்கவில்லை, ஆனால் அங்கே கிடைத்த நோட்ஸ் மறுநாள் காலைக்குள் பொதுவில் வந்துவிட வேண்டும். இதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் அறிவிப்பும் நோட்ஸும் மட்டும், மீம்ஸ், வாழ்த்து, அரட்டைக்கு வேறு குழு. அதைப் பார்த்துக்கொள்கிற ஆளை மாதா மாதம் மாற்றினோம். ஒரே ஆள் எப்போதும் ரெப்பாக இருந்தால் தகவல் அவருடைய நண்பர்களுக்கு முதலில் போகும், அது மனித இயல்பு.

பழைய கேள்வித்தாள்களுக்கு அலைய வேண்டாம், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத் தளத்திலேயே இருக்கின்றன. போன் செட்டுக்குத்தான் சிரமப்பட்டோம். டிபார்ட்மென்டில் இருக்கும் எலும்புகளை அங்கேயே வைத்துப் படிக்க டியூட்டரிடம் கேட்டு, பட்டியல் போட்டு, கையெழுத்துப் போட்டு எடுத்துத் திருப்பி வைத்தோம். கேட்டால் கொடுக்கிறார்கள், கூட்டமாகப் போய்க் கேட்க வேண்டும்.

பணத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். 7.5 சதவீதத்தில் வந்தவர்களின் கட்டணத்தை அரசு ஏற்கிறது. 2022 செப்டம்பரிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024இல் வந்தது. இவை பெரிய உதவி, குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பேட்ச் டீ-ஷர்ட், டூர், பிறந்தநாள் ட்ரீட், கல்ச்சுரல்ஸுக்கு ஆளுக்கு இவ்வளவு என்பதெல்லாம் எந்தத் திட்டத்திலும் வராது. வாட்ஸ்அப் குழுவில் 'பணம் கட்டியவர்கள்' என்று பெயர்ப் பட்டியல் போட்டு, பக்கத்தில் டிக் போட்டுக்கொண்டே வருவார்களே, அது ஒரு பிள்ளையை எவ்வளவு சுருங்க வைக்கும் என்று போடுகிறவருக்குத் தெரியாது. மெல்ல அந்தப் பிள்ளை 'எனக்கு இதிலெல்லாம் இஷ்டமில்லை' என்று சொல்லப் பழகிவிடும், எல்லோரும் அதை நம்பியும் விடுவார்கள்.

நாங்கள் பட்டியலை நிறுத்தினோம். மொத்தச் செலவு இவ்வளவு, முடிந்ததைக் கொடுங்கள், ஒருவரிடம் மட்டும் ஜிபே பண்ணுங்கள், யார் எவ்வளவு கொடுத்தார் என்பது அவரைத் தாண்டிப் போகாது. அதற்கு நம்பகமான ஆளைத் தேர்ந்தெடுத்தோம், அவர் வாய் திறந்ததே இல்லை. மொத்தம் குறைந்தால் நிகழ்ச்சியைச் சிறியதாக்கினோம், ஆளைக் குறைக்கவில்லை. பிறந்தநாளுக்குத் தனித்தனி ட்ரீட் கிடையாது, மாதத்தில் ஒரு நாள் அந்த மாதத்துக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கேக், செலவு பொது. சிலருக்கு இது பிடிக்கவில்லை, சொந்தப் பணத்தில் நண்பர்களுக்கு வாங்கிக்கொடுப்பதில் என்ன தப்பு என்றார்கள். தப்பில்லைதான், அவர்கள் வெளியே போய் வாங்கிக்கொடுத்தார்கள். வகுப்புக்குள் நடப்பது எல்லோராலும் முடிகிறதாக இருக்கட்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

முதலாண்டு ரிசல்ட் வந்த வாரம்தான் எங்களுக்கு உண்மையான சோதனை. சிலருக்குப் போய்விட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஃபெயில் என்கிற எழுத்தைத் தன் பெயருக்கு நேரே பார்க்கிறார்கள். சப்ளிமென்டரி எழுதி உடனே தேறினால் சொந்த பேட்சோடே தொடரலாம், அதிலும் போனால் கீழே வரும் பேட்சில் சேர வேண்டும். முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு வாய்ப்புகள்தான் என்கிற விதி வேறு தலைக்கு மேலே நிற்கும். அந்த நேரத்தில் தேறியவர்கள் என்ன சொல்வது என்று தெரியாமல் ஒதுங்கிப்போவார்கள், அவர்கள் ஒதுங்குவதைப் பார்த்து இவர்கள் இன்னும் ஒதுங்குவார்கள்.

ஆறுதல் சொல்ல வேண்டாம், கூடவே உட்காருங்கள். எங்கள் டேபிளில் இருவருக்கு சப்ளி. ரிசல்ட் வந்த மறுநாளும் அதே நேரத்துக்கு அதே வராண்டாவில் உட்கார்ந்தோம், அவர்கள் எழுத வேண்டிய பாடத்தையே எல்லோரும் எடுத்துக்கொண்டோம், எங்களுக்கு மறுபடி படித்த மாதிரி ஆயிற்று. இரண்டாம் ஆண்டு வகுப்பு தொடங்கிவிட்டதே, நம் நேரம் போகிறதே என்று சிலருக்குத் தோன்றியது, அது நியாயமான கவலைதான், அதனால் முறை வைத்துக்கொண்டோம், ஒரு நாளைக்கு இரண்டு பேர் அவர்களோடு. வீட்டில் சொல்லப் பயந்தவருக்காக ஒரு தோழி போனில் அவர் அம்மாவிடம் முதலில் பேசினாள். தேர்வு அன்று காலை ஹால் வாசல் வரை கூடப் போனோம். இவை எதுவும் பெரிய காரியமில்லை, ஆனால் யார் எதைச் செய்வது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்ததால் ஒன்றும் விட்டுப்போகவில்லை.

தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் பதில் சொன்ன எம்பிபிஎஸ் மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான்கில் ஒருவருக்கும் மேல். ஒரு டேபிளைச் சுற்றி நிற்கிறவர்களில் இரண்டு மூன்று பேர் என்று வைத்துக்கொண்டால் அந்த எண் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று புரியும். தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் 2022 டிசம்பரில் 'மனம்' என்று மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கினார்கள், 14416 என்கிற மனநல உதவி எண்ணும் எந்நேரமும் இருக்கிறது. அந்த எண்ணை நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் மட்டும் போதாது. எங்கள் பழக்கம் எளிமையானது: டேபிளில் ஒருவர் காரணம் சொல்லாமல் இரண்டு நாள் வராவிட்டால் யாராவது ஒருவர் அறைக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். மெசேஜ் அனுப்பினால் கணக்கில் வராது, நேரில் போக வேண்டும். பெரும்பாலும் காய்ச்சலாகவோ, தூங்கிக்கொண்டோதான் இருப்பார்கள். ஒரு முறை அப்படி இல்லை. போன தோழி அன்று முழுக்க அங்கேயே இருந்தாள், மறுநாள் இருவரும் சேர்ந்தே சைக்கியாட்ரி மேடத்தைப் பார்க்கப் போனார்கள். அதற்கு மேல் அது என் கதையில்லை, எழுத மாட்டேன். 'சாப்பிட்டியா, வா போகலாம்' என்று தொடங்குங்கள், அறிவுரை சொல்லாதீர்கள், மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயத்தை நண்பர்களே சரிசெய்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள்.

மென்டார் என்று ஆளுக்கு ஓர் ஆசிரியரைப் போடுவார்கள். பல இடங்களில் அது லாக்புக்கில் கையெழுத்து வாங்குவதோடு முடிகிறது. தனித்தனியாகப் போனால் 'என்ன, நல்லா படிக்கிறியா' 'படிக்கிறேன் மேம்' என்று இரண்டு வாக்கியம்தான். ஒரே மென்டாரிடம் இருக்கிற எல்லோரும் சேர்ந்து போங்கள், ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். நீங்கள் முதல் முறை ஃபெயிலானபோது என்ன செய்தீர்கள் என்று ஒரு பேராசிரியரிடம் கேட்டோம், அன்று டீ வரவழைத்து ஒரு மணி நேரம் பேசினார்.

எங்களுக்கு அடுத்த பேட்ச்கள் வந்து நிலைபெறத் தொடங்கின, நாங்கள் சீனியர் ஆனோம். சில நண்பர்களுக்கு, நமக்கு யாரும் 'இன்ட்ரோ' வாங்கவில்லையே, நாமாவது வாங்குவோம் என்று ஆசை இருந்தது. அறிமுகம் என்கிற பெயரில் ஜூனியரை நிற்க வைத்து மிரட்டுவதுதான் இன்ட்ரோ. அதை நான் கடுமையாக எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகுதான் 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ஜூனியரை அழ வைத்துப் பழகுவதைப் பாசம் என்று சொல்கிறவர்கள் அந்தப் பெயரை ஒரு முறை நினைத்துக்கொள்ள வேண்டும். பழக்கம் எதுவும் வேரூன்றாத கல்லூரி எங்களுடையது, எதைத் தொடங்குவது என்பது எங்கள் கையில் இருந்தது. யாருக்காவது தேவைப்படும் என்பதால் ராகிங் எதிர்ப்பு உதவி எண்ணையும் இங்கேயே போடுகிறேன்: 1800-180-5522.

இன்ட்ரோவுக்குப் பதிலாக நாங்கள்தான் அவர்களிடம் போய் எங்களை அறிமுகப்படுத்திக்கொண்டோம். ஒவ்வொரு புது டேபிளுக்கும் எங்களில் இருவர், ஒருவர் தமிழ் மீடியத்திலிருந்து, ஒருவர் வெளிமாநிலத்திலிருந்து. முதல் சந்திப்பில் சீட்டு எழுதும் முறையைக் காட்டினோம், நாங்களும் எழுதிப் போட்டோம். மேலே இருப்பவர்களுக்கும் தெரியாதது இருக்கிறது என்று அவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக. எங்கள் நோட்ஸ், கோட், வாங்கி ஓரமாக வைத்த புத்தகங்கள் எல்லாம் ஒரு பீரோவில் போட்டு, பதிவேடு வைத்து, விற்கக் கூடாது, முடித்ததும் திரும்ப வைக்க வேண்டும் என்று எழுதி ஒட்டினோம். மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கிற குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் கிராமத்துக்குப் போகும்போது ஜூனியர்களையும் அதே வீடுகளுக்குக் கூட்டிப்போனோம். அந்த வீட்டுப் பாட்டி எங்களிடம் சொல்லாத மூட்டு வலியை முதலாண்டுப் பெண்ணிடம் சொன்னார், 'இந்தப் பாப்பா பொறுமையா கேக்குது' என்று.

இதில் இன்னும் சரியாகாதவையும் இருக்கின்றன. பஸ்ஸில் வருகிறவர்கள் இப்போதும் எங்களோடு இருக்கிற நேரம் குறைவுதான். இறுதியாண்டு வந்ததும் எல்லோரும் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பிஜி என்கிற மேற்படிப்புக்கான நுழைவுத்தேர்வு ஆப்பில் தனித்தனியாக மூழ்கிவிட்டோம், வராண்டா கூட்டம் வாரம் ஒரு நாளாகிவிட்டது. அந்த ஒரு நாளை விட்டுவிடக் கூடாது என்று சொல்லி, ஆப்பில் அவரவர் தப்பாகப் போட்ட கேள்விகளைக் கொண்டுவந்து சீட்டுக்குப் பதில் அதையே நடுவில் வைக்கிறோம். இன்டர்ன்ஷிப் தொடங்கினால் யூனிட் யூனிட்டாகப் பிரிந்துவிடுவோம், நைட் டியூட்டி மாற்றிக்கொள்வதில்தான் நல்ல நட்பே முறியும் என்று மற்றக் கல்லூரி அண்ணன்கள் எச்சரிக்கிறார்கள். டியூட்டி சார்ட்டை யார் போடுவது, தீபாவளி பொங்கலுக்கு யாருக்கு லீவு, ஊர் தூரமானவர்களுக்கு முன்னுரிமை உண்டா என்பதையெல்லாம் இப்போதே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். தீபாவளி விஷயத்தில் இன்னும் சண்டை முடியவில்லை.